பிள்ளை பேசட்டும், கதவைச் சாத்துங்கள்

இங்கிலாந்தின் லிங்கன் நகரம், 1935. சாட் வாரா என்ற இளம் பாதிரியார் முதன்முதலாக நடத்திவைத்த இறுதிச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. அவள் பூப்பெய்தியிருந்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. வெளியே சொல்ல முடியாத நோய் ஏதோ தொற்றிவிட்டது என்று பயந்துபோய் உயிரை விட்டுவிட்டாள். அந்தச் சாவு வாராவின் மனதைவிட்டு அகலவே இல்லை. 1953 நவம்பரில் லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாகலாம் என்று தோன்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் தன்னைக் கூப்பிடலாம் என்று அறிவித்தார். உலகெங்கும் இயங்கும் எத்தனையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்களுக்கு முன்னோடியான ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

அந்தத் தொலைபேசி இன்று வீடியோ காலாகவும், சாட் ஆகவும், செயலியாகவும் ஆகிவிட்டது. அடுத்த மாவட்டத்தில் இருக்கும் உளவியலாளரின் முகத்தைக் கைக்குள்ளேயே பார்த்துப் பேசலாம். ஆனால் லிங்கன் சிறுமிக்கு இருந்த அதே சிக்கல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. மனதில் இருப்பதை யாரிடம் சொல்வது? எந்த இடத்தில் உட்கார்ந்து சொல்வது? முதல் கேள்விக்கு அரசும் மருத்துவர்களும் ஓரளவு பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும்தான் இருக்கிறது. அதை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

14416

சென்னையில் 1986-ஆம் ஆண்டிலேயே மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் பிள்ளைகள் சாவது நமக்குப் பழகிப்போன செய்தியாக இருந்த காலம் அது. பிளஸ் 2 தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் அந்த ஆண்டே போய்விடும் என்ற நிலை இருந்தது. தவறியவர்கள் உடனே மறுபடி எழுதிக் கல்லூரியில் சேர ஒரு வழி வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. மனநலத்துக்கும் தேர்வு விதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு விதியைத் திருத்துவதும் பிள்ளைகளுக்குச் செய்யும் சிகிச்சைதான்.

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, மத்திய அரசு ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவையைத் தொடங்கியது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதன் தலைமை மையம். அதே மாதம் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். அழைத்தால் முதலில் மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவரால் கையாள முடியாத பிரச்னை என்றால் மனநல மருத்துவருக்கோ மருத்துவ உளவியலாளருக்கோ இணைப்புக் கொடுப்பார். நேரில் பார்த்தாக வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைக்கோ மாவட்ட மனநலத் திட்டத்தின் மையத்துக்கோ வழிகாட்டுவார். 2025 முடிவதற்குள் நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் செயலியும் வீடியோ ஆலோசனையும் சேர்ந்தன. வீடியோ வசதியை முதலில் பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இதற்கும் முன்னால் தமிழ்நாடு செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 2021 செப்டம்பரில் நீட் தேர்வையொட்டி அடுத்தடுத்து மாணவர்கள் உயிரிழந்தபோது, தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை 104 சேவை மையத்தின் வழியாக ஆலோசகர்களே அழைத்துப் பேசும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை தொடங்கியது. “எப்படி எழுதியிருக்கே? சாப்பிட்டியா? தூக்கம் வருதா?” என்று கேட்க ஓர் அழைப்பு. துவண்டுபோன பிள்ளை உதவி எண்ணைத் தேடி எடுத்து, அதை அழுத்தி, மொழியைத் தேர்ந்தெடுத்து, அந்நியக் குரலிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது அதிகம். நாமே போய்க் கதவைத் தட்டுவதுதான் முறை. இந்த ஏற்பாடு ஆண்டுதோறும், பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 முடிவு வரும் மே மாதத்திலும் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் இத்தனை அவசரம் என்றால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். அந்த ஆண்டில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நாம் இருந்தோம். பள்ளிக்கூடம், சத்துணவு, இலவசப் பேருந்து என்று பிள்ளைகளுக்கு எவ்வளவோ செய்த மாநிலம் இது.

பிள்ளைகள் ஏன் வருவதில்லை

யுனிசெஃப் 2021-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றுக்காக 21 நாடுகளின் இளைஞர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மனப் பிரச்னை வந்தால் பிறரிடம் சொல்லி உதவி பெறுவது நல்லது என்று சராசரியாக 83 விழுக்காட்டினர் சொன்னார்கள். இந்தியாவில் அப்படிச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. மீதிப் பேர் தனியாகவே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று நம்புகிறார்கள், அல்லது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இந்த மௌனத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். “இந்த வயசுல உனக்கென்ன ஸ்ட்ரெஸ்?” என்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! மகளுக்கு மஞ்சள் காமாலை என்றால் தெருவுக்கே தெரியும். மகள் மூன்று வாரமாகத் தூங்கவில்லை, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றால் பாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டோம். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது பேச்சாகிவிடுமே என்ற பயம். மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று நாள் கடத்துகிற பெற்றோர் ஏராளம்.

வந்தாலும் எங்கே போவது? 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்னை இருப்பது தெரியவந்தது. அதே காலத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதுதான் கணக்கு. அதிலும் குழந்தைகளுக்கென்றே படித்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். வாரம் ஒரு முறை என்று எட்டு, பத்து வாரம் கவுன்சலிங் போக வேண்டும் என்றால், சிற்றூரில் கூலி வேலை பார்க்கும் அம்மா அத்தனை நாள் சம்பளத்தை விட வேண்டும். பிள்ளை அத்தனை நாள் பள்ளியை விட வேண்டும். இரண்டு முறை போவார்கள். மூன்றாவது முறை நின்றுவிடும்.

திரைவழி ஆலோசனை அர்த்தம் பெறுவது இங்கேதான். இதுவும் நமக்குப் புதிதல்ல. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், 2010-ஆம் ஆண்டிலேயே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடும் மனநல கிளினிக்காக மாற்றியது. பேருந்து ஊருக்குள் போய் நிற்கும். உள்ளே திரையில் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். மாத்திரை அந்தப் பேருந்திலேயே கிடைக்கும். பெரியவர்களின் கடுமையான மனநோய்களை மனதில் வைத்து உருவான திட்டம் அது. ஆனாலும் பிள்ளைகளுக்கான சேவைக்கும் அதில் பாடம் இருக்கிறது. திரையில் ஒருவர் இருந்தால் போதாது. திரைக்கு இந்தப் பக்கம், ஊரையும் குடும்பத்தையும் தெரிந்த இன்னொருவர் இருக்க வேண்டும். அடுத்த வாரம் பிள்ளை அழைப்புக்கு வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய் எட்டிப்பார்க்க அவர்தான் தேவை.

பலன் இருக்கிறதா?

“நேர்ல பார்க்காம போன்ல பேசி என்ன ஆகப்போகுது?” என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் சூசன் ஸ்பென்ஸ் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடும் பதற்றப் பிரச்னை உள்ள, 12 முதல் 18 வயதுக்குட்பட்ட 115 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு கிளினிக்கில் நேரடிச் சிகிச்சை, ஒரு பகுதியினருக்கு இணையவழிச் சிகிச்சை அளித்தார்கள். 2011-இல் வெளியான முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்திருந்தன. சிந்தனையையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் சிகிச்சை முறை அது. பாடம், பயிற்சி, வீட்டுவேலை என்று திட்டமிட்டு நடத்தும் முறை என்பதால் திரைக்கு நன்றாகப் பொருந்தியது.

என்னை அதைவிட வியக்கவைத்தது அமெரிக்காவில் ஜொனாதன் கோமர் குழுவினர் செய்த வேலை. 3 முதல் 5 வயதுக் குழந்தைகள், அடம், அடி, கத்தல் என்று வீட்டையே அல்லோலகல்லோலப்படுத்துகிறவர்கள். இவர்களுக்கான சிகிச்சையில் மருத்துவர் குழந்தையிடம் நேரடியாகப் பேசுவதே அரிது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோதான் பயிற்சி. பெற்றோர் காதில் சின்ன இயர்போனை மாட்டிக்கொண்டு குழந்தையோடு விளையாடுவார்கள். சிகிச்சையாளர் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டே, “இப்போ பாராட்டுங்க, இதைக் கண்டுக்காதீங்க, குரலை உயர்த்தாம ஒரு தடவை மட்டும் சொல்லுங்க” என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். கோமர் குழு இதை கிளினிக்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது. வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா, அம்மா காதில் ஒரு ப்ளூடூத். 2017-இல் வெளியான ஆய்வில் 40 குழந்தைகள். வீட்டில் நடந்த சிகிச்சை, கிளினிக்கில் நடந்ததற்குக் கொஞ்சமும் குறையவில்லை.

காரணம் நமக்கே தெரிந்ததுதான். டாக்டர் முன்னால் எந்தப் பிள்ளையும் சமர்த்துதான். தட்டை வீசுவதும், தங்கையைக் கிள்ளுவதும், செல்போனைப் பிடுங்கினால் தரையில் உருள்வதும் வீட்டில்தான். அந்த இடத்திலேயே, அந்தத் தட்டுக்கும் தங்கைக்கும் நடுவிலேயே அம்மா கற்றுக்கொள்வது அவர் கையோடு தங்கிவிடுகிறது. நம் ஊரில் குழந்தைகளுக்கான ஆன்லைன் கவுன்சலிங் என்றால் பிள்ளையைத் திரை முன்னால் உட்காரவைத்துவிட்டு அம்மா சமையல்கட்டுக்குப் போவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் விஷயத்தில் திரை முன்னால் உட்கார வேண்டியவர்கள் பெற்றோர்தான்.

இன்னொரு நன்மை தமிழ்க் குடும்பங்களுக்கென்றே அமைந்தது. அப்பா துபாயில், மஸ்கட்டில், சிங்கப்பூரில். அம்மாவும் தாத்தா பாட்டியும் பிள்ளையை வளர்க்கிறார்கள். பள்ளிக்குப் போக மறுக்கும் பையனைப் பற்றிப் பேச அப்பா ஊருக்கு வரும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் ஆலோசகர், பட்டுக்கோட்டையில் அம்மாவும் மகனும், ஷார்ஜாவில் அப்பா என்று மூன்று இடத்திலிருந்தும் ஒரே உரையாடலில் உட்காரலாம். மாதா மாதம் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த அப்பா, மகன் என்ன பேசுகிறான் என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல.

எல்லாவற்றுக்கும் திரை உதவாது. சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடல் உருகிவரும் பெண்ணை எடை பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளை, உயிரைவிடத் துணிந்து முயன்றுவிட்ட பிள்ளை, பேச்சு வராத இரண்டு வயதுக் குழந்தை, இவர்களை நேரில் பார்த்தே ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் முதல் உரையாடலிலேயே இதைச் சொல்லிவிடுவார். பத்து அமர்வுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பதினோராவது அமர்வில் “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்பவரை நம்ப வேண்டாம்.

ஹாலில் உட்கார்ந்து அழ முடியுமா?

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ஹாலில் தாத்தா செய்தி பார்க்கிறார். படுக்கையறையில் தம்பி ஹோம்வொர்க் எழுதுகிறான். சமையலறையிலிருந்து அம்மாவின் காது முழுக்க இந்தப் பக்கம்தான். இந்த வீட்டில் 15 வயதுப் பெண், பள்ளி வேனில் தினமும் தன்னைச் சீண்டும் ஆளைப் பற்றி எங்கே உட்கார்ந்து சொல்வாள்? தன் போட்டோவை வைத்து மிரட்டும் வகுப்புப் பையனைப் பற்றி? அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளைப் பற்றி? “எப்படி இருக்கேம்மா?” என்று ஆலோசகர் கேட்டால் “நல்லாருக்கேன் மேம்” என்பாள். அடுத்த கேள்விக்கும் அதே பதில். அரை மணி நேரம் ஓடிவிடும்.

போன் யாருடையது என்பதும் இருக்கிறது. நாட்டின் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024-ஆம் ஆண்டு ‘அசர்’ கல்வி ஆய்வின்படி, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அதை இயக்கவும் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ 31 விழுக்காடுதான். பையன்களில் 36, பெண்களில் 27. அதாவது நான்கில் மூன்று பெண் பிள்ளைகள் அப்பாவின் போனிலோ அண்ணனின் போனிலோதான் பேசியாக வேண்டும். 14416 என்று அதில் பதிவாகியிருக்கும். “யாருக்குப் பேசினே?” என்ற கேள்வி அன்று இரவே வரும்.

அதனால்தான் பழகிய ஆலோசகர்கள் பிரச்னையைக் கேட்பதற்கு முன் இடத்தைக் கேட்கிறார்கள். “இப்போ எங்கே இருக்கே? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? ஹெட்செட் போட்டிருக்கியா?” யாராவது வந்துவிட்டால் சொல்வதற்கென்று சாதாரண வார்த்தை ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள். பிள்ளை அந்த வார்த்தையைச் சொன்னால் பேச்சு கணக்குப் பாடத்துக்கு மாறிவிடும். வாய்விட்டுப் பேச முடியாதபோது ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேட்பார்கள். சிலர் சாட்டுக்கு மாறுவார்கள். இப்போது எந்த முகவரியில் இருக்கிறாய், அவசரம் என்றால் நான் யாரைக் கூப்பிடட்டும் என்பதையும் முதலிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். நடுவில் இணைப்பு அறுந்துபோனால் உதவி அனுப்ப அது வேண்டும். பிள்ளைகளும் இடம் கண்டுபிடிக்கிறார்கள். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம், நிறுத்திவைத்த கார், டியூஷன் முடிந்து வரும் வழியிலுள்ள பூங்கா. ஒரு குழந்தை தன் துயரத்தைச் சொல்லத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருப்பது நமக்கு வெட்கம்.

சட்டம் இங்கே பெற்றோருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, மைனருக்கு மருத்துவர் தொலைவழியில் ஆலோசனை தர வேண்டும் என்றால் கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்; அவர் யார் என்பதையும் மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிள்ளையின் பாதுகாப்புக்காக வந்த விதி இது, தேவையானதும்கூட. ஆனால் கூடவே இருப்பது என்றால் அமர்வு முழுக்கத் தோளுக்குப் பின்னால் நின்று கேட்பது என்று பல பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தை மனநலத்தில் நெடுங்காலமாக இருக்கும் நல்ல வழக்கம் வேறு. முதல் பத்து நிமிடம் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பேசுவார்கள். பிறகு பெற்றோர் எழுந்து வெளியே போவார்கள். பிள்ளை தனியாகப் பேசும். கடைசியில் மறுபடி எல்லோரும் சேர்ந்து, வீட்டில் என்ன மாற வேண்டும் என்று பேசுவார்கள். அந்த நடுப்பகுதி இல்லாத அமர்வைக் கவுன்சலிங் என்று நான் சொல்ல மாட்டேன்.

“அவ என்ன சொன்னா மேடம்?” கவுன்சலிங் முடிந்ததும் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பது பாசத்தினால்தான், சந்தேகமில்லை. ஆனால் சொன்னது அத்தனையும் அம்மாவுக்குப் போகிறது என்று தெரிந்தால் அடுத்த வாரம் அந்தப் பெண் எதையும் சொல்ல மாட்டாள். எது ரகசியம், எது ரகசியமில்லை என்பதை முதல் நாளே பிள்ளையையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வது ஆலோசகரின் கடமை. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணம், பிள்ளைக்கு நேரும் கொடுமை, இவை வெளியே வந்தாக வேண்டும். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது யாருக்கும் கட்டாயம், ஆலோசகருக்கும்தான். மற்றபடி யாரைப் பிடிக்கும், எந்த டீச்சரைக் கண்டால் ஆகாது, எதற்காக அழுதாள் என்பதெல்லாம் அவளுடையவை.

கொடுமை செய்கிறவரே வீட்டுக்குள் இருந்தால் வீட்டிலிருந்து வீடியோ கால் பேசுவதே ஆபத்து. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிதான் பாதுகாப்பான இடம். ஆகவே ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் கதவு உள்ள ஒரு சின்ன அறை வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, திரை, ஹெட்செட், நல்ல இணைய இணைப்பு. வாரத்தில் சில மணி நேரம் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரோ 14416 ஆலோசகரோ மறுபக்கம் இருந்தால் போதும். ஹை-டெக் லேப் நிறுவிய அரசுக்கு இது பெரிய செலவே அல்ல. ‘சங்கத்’ என்ற மனநல அமைப்பினர் டெல்லி அரசுப் பள்ளிகளில், மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிரச்னையைப் பகுத்துத் தீர்வு தேடும் எளிய முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்து பலன் கண்டிருக்கிறார்கள். அதற்கென்று செல்போன் விளையாட்டு ஒன்றையும் உருவாக்கினார்கள். டெல்லியில் முடிந்தது திண்டிவனத்தில் முடியாதா?

யாரிடம் பேசுகிறோம்?

செல்போனில் மனநலம் என்று தேடினால் விளம்பரங்கள் வந்து குவிகின்றன. முதல் அமர்வு இலவசம், ஐந்து அமர்வுக்குத் தள்ளுபடி. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன படித்தார் என்று கேட்கத் தயங்காதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவரா என்று பாருங்கள். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளும் நிலையை மாற்ற 2021-இல் சட்டம் வந்திருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை விசாரித்துத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

பேசியது எங்கே போகிறது என்பது அதைவிடப் பெரிய கவலை. ஃபின்லாந்தில் ‘வஸ்தாமோ’ என்ற தனியார் உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து சுமார் 33,000 பேரின் ஆவணங்கள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில் திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினான்: பணம் கொடு, இல்லாவிட்டால் நீ சிகிச்சையாளரிடம் சொன்னதை ஊருக்குச் சொல்வேன். 2024-இல் அவனுக்கு ஆறு ஆண்டு மூன்று மாதம் சிறை. ஆனால் வெளியே போன ரகசியங்கள் திரும்பி வரவில்லை. அமெரிக்காவில் ‘பெட்டர்ஹெல்ப்’ நிறுவனம், உதவி தேடி வந்தவர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. நல்ல சட்டம். செயலியில் பிள்ளையின் பெயரைப் பதியும் முன், பேச்சு பதிவுசெய்யப்படுகிறதா, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும். பதில் சொல்லத் தடுமாறும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

இன்றைய பிள்ளைகள் இன்னொரு வழியும் கண்டிருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதால் செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டிடம் மனதைக் கொட்டுகிறார்கள். அது திட்டாது, அம்மாவிடம் சொல்லாது. அதில் கிடைக்கும் ஆறுதலை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் 2023-இல் அமெரிக்காவின் தேசிய உணவுக்கோளாறுச் சங்கம் நடத்திவந்த ‘டெஸ்ஸா’ என்ற சாட்பாட், சாப்பிட மறுக்கும் நோயால் அவதிப்பட்டு வந்தவர்களுக்கு எடை குறைக்க வழி சொன்னது. உடனே அதை நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலம், உளசிகிச்சையைச் செயற்கை நுண்ணறிவு தானாக நடத்தக் கூடாது என்று சட்டமே போட்டது. பிள்ளையின் குரல் கம்முவதையும், பேச்சு நடுவே நின்றுபோவதையும் கவனித்து, உடனே இன்னொரு எண்ணுக்கு அடித்து ஆள் அனுப்ப மனிதர் ஒருவர் வேண்டும். நள்ளிரவு ஒரு மணிக்கும் 14416-இல் அப்படிப்பட்ட மனிதர் இருக்கிறார் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அதைச் சொல்ல வேண்டியது நாம்தான். எண்ணைச் சொன்னால் பிள்ளைக்கு விபரீத எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதாலும் சொல்வதாலும் அந்த எண்ணம் வருவதில்லை. இன்று இரவு சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்லுங்கள்: “எங்ககிட்ட சொல்ல முடியாதது ஏதாவது இருந்தா இந்த நம்பருக்குப் பேசு. என் போனை எடுத்துக்கோ. யாருக்குப் பேசினேன்னு நான் கேட்க மாட்டேன்.” சொன்னபடி கேட்காமலும் இருங்கள். பிள்ளை பேசும் அரை மணி நேரம் டிவியை அணைத்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வாருங்கள்.

மனநல ஆலோசனைக்கு 14416. மருத்துவ ஆலோசனைக்கும் வழிகாட்டுதலுக்கும் 104. பிள்ளைக்கு ஆபத்து, கொடுமை என்றால் 1098. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. நான்கையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.